காணாமல் போன ஒரு டிகிரி

கரும்பலகையில் நான்கு எண்கள் இருந்தன: 156, 126, 58, 19. கூட்டிப் பார்த்த மாணவி எழுந்து, "சார், 359தான் வருது" என்றாள். இன்னொரு முறை கூட்டச் சொன்னேன். மறுபடியும் 359. "அந்த ஒரு டிகிரி எங்க போச்சு சார்?"

எட்டாம் வகுப்பு, 37 பேர். பள்ளிக்கு எப்படி வருகிறீர்கள் என்று கேட்டு எடுத்த விவரம் அது. நடந்து வருபவர்கள் 16, சைக்கிள் 13, பஸ் 6, அப்பா பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருபவர்கள் 2. ஒவ்வொன்றையும் 37ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 155.68, 126.49, 58.38, 19.46 என்று வருகிறது. முழு எண்ணாக்கும்போது முதல் எண் கொஞ்சம் ஏறுகிறது, மற்ற மூன்றும் இறங்குகின்றன. இறங்கியது ஏறியதைவிட ஒரு டிகிரி அதிகம். வட்டத்தில் ஒரு நூலிழை இடைவெளி திறந்தே கிடக்கிறது.

பாடப்புத்தகக் கணக்குகளில் இந்தச் சங்கடம் அநேகமாக வராது. அங்கே பிள்ளைகள் 36 பேராகவோ 72 பேராகவோ 180 பேராகவோதான் பள்ளிக்கு வருவார்கள். 360க்குள் மீதியில்லாமல் போகும் எண்களாகப் பார்த்து வைத்திருப்பார்கள். குற்றம் சொல்லவில்லை, சூத்திரத்தைப் பழக்குவதற்கு அது வசதி. ஆனால் உண்மையான வகுப்பில் 37 பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் எப்போதும் விடுப்பில் இருப்பார்.

வட்ட விளக்கப்படத்தைக் கையால் செய்து கற்பிக்கும் வழிகள் பல வருடங்களாக ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்பட்டு வருகின்றன. காகித நாடா, பேப்பர் தட்டு, மைதானத்தில் கயிறு, வண்ண மிட்டாய், கோலப்பொடி என்று பட்டியல் நீளம். இவற்றில் பெரும்பாலானவற்றை நானே வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். சிலவற்றை ஒரு முறையோடு விட்டேன், சிலவற்றை விடவே இல்லை. பிரிக்க ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்திருக்கிறேன்: கை செய்யும் வேலைக்குள் கணக்கு இருக்கிறதா, அல்லது கணக்கு முடிந்த பிறகு கை வந்து பூச்சூட்டுகிறதா?

பூச்சூட்டலுக்கு நல்ல எடுத்துக்காட்டு டிசம்பர் 22. ராமானுஜன் பிறந்த நாளைத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடும்போது பல பள்ளிகளில் கணிதக் கோலப் போட்டி நடக்கும். முற்றத்தில் நாலடி விட்டத்துக்கு வட்டம் போட்டு, ஐந்தாறு நிறத்தில் பொடி தூவி, ஓரத்தில் பூ வைத்து, நடுவில் அகல் விளக்கு. பார்க்க அழகாக இருக்கும். ஒரு முறை நடுவராகப் போனபோது ஒரு குழுவிடம், "இந்த மஞ்சள் எவ்வளவு விழுக்காடு?" என்று கேட்டேன். ஒருத்தி குனிந்து பார்த்து, "பொடி எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவு சார்" என்றாள். அந்த நேர்மைக்கு முதல் பரிசு கொடுத்திருக்கலாம்.

கண்காட்சிக்கு வரும் தெர்மாகோல் வட்டங்கள் இதைவிட மோசம். அவற்றைச் செய்தது பெரும்பாலும் அப்பாவோ அக்காவோதான். மினுமினுப்புத் தாள், சுற்றி ஜரிகை, பேட்டரியில் எரியும் விளக்குகூட இருக்கும். மூன்று பாகங்களின் விழுக்காட்டைக் கூட்டினால் 104 வரும், யாரும் கூட்டியிருக்க மாட்டார்கள். வட்டத்துக்கும் அதன் எண்களுக்கும் உறவு அறுந்துபோன இடம் அது.

கைவேலையே வீண் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. வட்ட விளக்கப்படம் பிறந்ததே ஒரு கைவினைஞனிடம்தான். வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இளம் வயதில் நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். 1786இல் பட்டை விளக்கப்படத்தை அச்சில் கொண்டுவந்த இவர், 1801இல் ஐரோப்பிய நாடுகளின் பரப்பையும் மக்கள்தொகையையும் வருவாயையும் ஒப்பிடும் படத்தில், பரப்பைக் காட்ட வட்டங்களை வரைந்தார். அவற்றில் துருக்கியப் பேரரசின் வட்டம் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டு, கையால் வண்ணம் பூசப்பட்டிருந்தது. ஒரு பேரரசு மூன்று கண்டங்களில் கால் வைத்திருக்கிறது. அதை ஒரே உடம்பாகவும் மூன்று துண்டாகவும் ஒரே பார்வையில் காட்ட வேண்டும். அந்தத் தேவையிலிருந்து வட்டம் வந்தது, வண்ணம் அதற்குப் பிறகு வந்தது. நம் வகுப்புகளில் வரிசை தலைகீழாகிவிடுகிறது.

சாப்பாட்டு வழியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆங்கிலக்காரர்கள் இந்தப் படத்துக்கு அவர்கள் வீட்டுப் பலகாரத்தின் பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கமெம்பேர் என்ற பாலாடைக்கட்டியின் பெயரைச் சொல்கிறார்கள். இரண்டும் நடுவிலிருந்து கத்தி போட்டுப் பங்கு பிரிக்கிற பண்டங்கள். நம் தட்டிலும் வட்டத்துக்குப் பஞ்சமில்லை: தோசை, அப்பம், அடை, சப்பாத்தி. ஆனால் எதையும் நாம் மையத்திலிருந்து வெட்டுவதில்லை, ஓரத்திலிருந்து பிய்க்கிறோம். அதனால் "தோசையை எட்டாக வெட்டு" என்று ஆரம்பிக்கும் பாடம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விநோதமாகவே இருக்கும். பிறந்தநாள் கேக், தர்பூசணி என்றால் புரியும். நுங்கின் மூன்று கண் இருக்கிறதே, இயற்கை நமக்குக் கொடுத்த 120 டிகிரிப் பாடம் அது; ஆனால் சீசன் முடிந்தால் பாடமும் முடிந்தது.

வண்ண மிட்டாயை வட்டமாக அடுக்கிப் படம் செய்வது வெளிநாட்டு வகுப்புகளிலிருந்து இங்கே வந்த பழக்கம். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, நிறம் நிறமாகப் பொறுக்கி, விளிம்பில் ஒட்டி ஒட்டி வைத்து, நிறம் மாறும் இடத்திலிருந்து மையத்துக்குக் கோடு இழுக்க வேண்டும். தத்துவம் சரியானது. ஒரு மிட்டாய்க்கு ஒரு பங்கு. பின்னால் சொல்லப்போகும் காகித நாடா முறையும் இதே தத்துவம்தான். சிக்கல், தரவு கரைந்துகொண்டே போகும். நான் செய்தபோது 30 மிட்டாயோடு ஆரம்பித்த ஒரு குழு 26இல் முடித்தது, எல்லா உதடும் சிவப்பு. டெபோரா பால் என்ற அமெரிக்கக் கணிதக் கல்வியாளர் 1992இல் எழுதிய கட்டுரையொன்றில் கைப்பொருள்களின் மீது நாம் வைக்கும் மாய நம்பிக்கையைக் கேள்வி கேட்டிருந்தார். கணிதம் தெரிந்த பெரியவர் கண்ணுக்குப் பொருளுக்குள் கணிதம் பளிச்சென்று தெரியும். தெரியாத பிள்ளைக்கு அது வெறும் பொருள்தான். மிட்டாய் விஷயத்தில் அது வெறும் பொருள்கூட இல்லை, மிட்டாய்.

மைதானத்து வட்டம் எனக்குப் பிடித்த முறை. அதில்தான் அதிகம் தவறும் செய்திருக்கிறேன்.

37 பேரும் வகை வகையாகச் சேர்ந்து கைகோத்து வட்டமாக நிற்க வேண்டும். ஆளுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்றால் சுற்றளவு 37 மீட்டர், விட்டம் 12 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. வராந்தாவில் நடக்காது, பி.இ.டி. சாரிடம் மைதானம் கேட்க வேண்டும். வகை மாறும் நான்கு இடங்களிலிருந்தும் மையத்துக்குக் கயிறு. மையத்தில் கயிற்று முனைகளைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். முதல் தடவை ஒரு மாணவனை நிறுத்திவிட்டேன். வட்டத்தில் 36 பேர் ஆகிவிட்டார்கள், கணக்கு அத்தனையும் பத்துப் பத்து டிகிரியாக அழகாக வந்தது, நானும் பூரித்துப்போனேன். வகுப்புக்குத் திரும்பிய பிறகுதான் பிடிபட்டது. இப்போதெல்லாம் நடுவில் நான்தான் நிற்கிறேன்.

பலம் என்னவென்றால், பிள்ளை தானே தரவாகிறது. அட்டவணையில் 13 என்பது ஒரு எண். மைதானத்தில் அது தோளோடு தோள் நிற்கிற 13 பேர். முழுமை என்பது கைகோத்த சங்கிலி, யாராவது ஒருவர் கையை விட்டால் அது அறுகிறது. "மொத்தத்தால் வகு" என்ற கட்டளைக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொரு பலத்தை நான் திட்டமிடவில்லை. ஒருவன் எங்கும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தான். ஏன்டா என்றால், "சார், நான் மெயின் ரோடு வரைக்கும் சைக்கிள். அங்க கடையில வெச்சுட்டு பஸ்." மற்ற பிள்ளைகள் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்கள். எது தூரம் அதிகமோ அதில் நில்லு என்றது ஒரு கட்சி. எதில் ஏறிப் பள்ளிக்கு வந்து இறங்குகிறாயோ அதில் நில்லு என்றது இன்னொன்று. கடைசியில் சைக்கிளும் பஸ்ஸும் சந்திக்கும் எல்லையில் போய் நின்று, அங்கே வந்த கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டான். தலையை எண்ணியபோது சைக்கிள்காரர்கள் அவனைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள், அதனால்தான் 13. வகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது, ஒருவர் ஒரு வகையில்தான் இருக்க முடியும் என்ற விதியைப் புத்தகம் அநேகமாகச் சொல்வதே இல்லை. அட்டவணை தயாராக வந்துவிடுவதால் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. உடம்பு ஒரே இடத்தில்தான் நிற்க முடியும் என்பதால் மைதானம் அதைச் சொல்லிவிடுகிறது.

குறைகளும் சின்னவை அல்ல. வட்டத்தில் நிற்பவனுக்கு வட்டம் தெரியாது; அவன் கண்ணுக்கு எதிரே ஒரு வரிசை முகங்கள்தான். மாடியிலிருந்து ஒருவர் போன் வைத்துப் படம் எடுத்துக் காட்டினால்தான் அது வட்ட விளக்கப்படம். மாடி இல்லாத பள்ளியில் பாதிப் பாடம் போயிற்று. அடுத்து, வட்டம் வட்டமாக இருக்காது. நண்பன் இருக்கிற பக்கம் சாய்ந்து சாய்ந்து கோழிமுட்டை ஆகிவிடும். முட்டையில் விளிம்பை ஆள்கணக்கில் எண்ணினால் பங்கு சரியாக இருக்கும், நடுவில் கோணத்தை அளந்தால் தப்பாக வரும்.

மூன்றாவது குறை முழுக்க என்னுடையது. ஒரு வருடம் "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு வட்டம் போட்டேன். இட்லி, தோசை, பழைய சோறு, மற்றவை. எங்கே நிற்பது என்று தெரியாமல் மூன்று பேர் தனியாக நின்றார்கள். "ஒன்றுமில்லை" என்று ஒரு வகை வைக்க வேண்டியிருந்தது. மூன்று பிள்ளைகள், முப்பது சொச்சம் பேர் பார்க்க, இரண்டு கயிறுகளுக்கு நடுவில். நோட்டில் அது பெயரில்லாத ஒரு சின்னக் கோணம். மைதானத்தில் அதற்கு முகம் இருக்கிறது. உடம்பால் செய்கிற எந்த விளக்கப்படத்துக்கும் முன்னால் கேள்வியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

இனி நாடா. சார்ட் பேப்பரில் இரண்டு செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு 37 கட்டம் அமைக்க வேண்டும். (ஏ4 தாள் 29.7 செ.மீ.தான் நீளம், போதாது.) 16 கட்டத்துக்குப் பச்சை, 13க்கு நீலம், 6க்குச் சிவப்பு, 2க்கு மஞ்சள். இரண்டு முனையையும் சேர்த்தால் வளையம். தாளில் வைத்து, நிறம் மாறும் நான்கு இடத்திலும் புள்ளி வைத்து, மையத்துக்குக் கோடு இழுத்தால் படம் தயார். இவ்வளவு நேரம் 360 என்ற எண் வாயிலேயே வரவில்லை. 37 என்ற முரட்டு எண்ணும் முரண்டு பிடிக்கவில்லை. வகுத்தலைக் காகிதம் செய்துவிட்டது, எதையும் முழு எண்ணாக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு டிகிரியும் காணாமல் போகவில்லை.

இந்த முறையைச் சூத்திரத்துக்குப் பிறகு, "செய்து பார்ப்போம்" என்ற தலைப்பில் செய்தால் பாதி வீண். முன்னாலேயே செய்துவிட வேண்டும். வளையத்திலிருந்து வரைந்த பச்சைப் பகுதியின் மையக்கோணத்தைக் கோணமானி வைத்து அளந்தால் 155, 156, 157 என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். "அளக்காமலே இதைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டால், 37இல் 16 பங்கு, மொத்தச் சுற்று 360 என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சூத்திரம் அப்போது ஒரு குறுக்கு வழியாக வந்து சேரும்.

நாடாவின் குறைகளை அதை விரும்புகிறவர்கள் பேசுவதில்லை, நான் பேசியாக வேண்டும். முதலாவது பசைத் துண்டு. ஒட்டுவதற்காக முனையில் ஒரு செ.மீ. கூடுதலாக விடச் சொல்வோம். ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றாமல் முனையோடு முனை சேர்த்து ஒட்டிவிட்டால் அந்த வெள்ளைத் துண்டு முப்பத்தெட்டாவது மாணவனாக வட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேருக்கு இப்படி ஒரு பேய் மாணவன் கிடைப்பான். இரண்டாவது, காகித வளையமும் முட்டையாகும். முட்டைக்கு மையம் எங்கே? கண் மதிப்பில் வைத்த மையம் நாலைந்து டிகிரிப் பிழையைக் கொண்டுவரும். 37ஐ 3.14ஆல் வகுத்து விட்டம் 11.8 செ.மீ. என்று கண்டு, கவராயத்தில் 5.9 எடுத்து வட்டத்தை முதலில் போட்டுவிட்டு அதன்மேல் வளையத்தை உட்கார வைத்தால் சரியாகிறது. ஆனால் சூத்திரமே வேண்டாம் என்று ஆரம்பித்த பாடத்தில் பை வந்து நிற்கிறது. நான் அதை வரவேற்கிறேன். அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் வரவேற்க மாட்டார்.

மூன்றாவது குறையை நான் பல வருடம் கவனிக்கவே இல்லை. பக்கத்துப் பிரிவில் 25 பேர். அவர்களும் நாடா செய்தார்கள், 25 செ.மீ. வளையம். இரண்டையும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். எங்கள் வட்டத்தின் பரப்பு 109 சதுர செ.மீ., அவர்களுடையது 50ஐ ஒட்டி. ஆட்கள் ஒன்றரை மடங்குதான். வட்டமோ இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரிகிறது. சுற்றளவு ஆட்களோடு சேர்ந்து வளரும்போது பரப்பு அதன் வர்க்கமாக வளர்கிறது. பிளேஃபேர் இந்த வலையில் விழவில்லை; அவருடைய வட்டங்களில் நாட்டின் பரப்புக்கு ஏற்றது வட்டத்தின் பரப்புதான். அதே நியாயப்படி 25 பேரின் வட்டத்துக்கு விட்டம் 8 அல்ல, 9.7 செ.மீ. இருக்க வேண்டும். அல்லது இரண்டையும் ஒரே அளவில் செய்து, பங்கை மட்டும் ஒப்பிட வேண்டும்: 25 பேர் வகுப்புக்குக் கட்டத்தை 1.48 செ.மீ. அகலத்தில் போட வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்த வட்டம் என்று முடிவெடுக்காமல் சுவரில் ஒட்டினால் படம் பொய் சொல்லும்.

(பரப்பைப் பற்றிப் பேசும்போது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நினைவுக்கு வராமல் போகாது. கிரிமியப் போரில் இறந்த வீரர்களைப் பற்றி 1858இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தை வட்ட விளக்கப்படம் என்றே சொல்லிக் காட்டுகிறவர்கள் உண்டு. அதில் மாதத்துக்கு ஒன்றாக எல்லா இதழுக்கும் ஒரே கோணம், 30 டிகிரி. எண்ணிக்கையைச் சொல்வது இதழின் பரப்பு. நம் படத்துக்கு அது உறவுக்காரி, உடன்பிறப்பு இல்லை.)

தட்டு முறை எளிது. இரண்டு நிறப் பேப்பர் தட்டுகளை விளிம்பிலிருந்து மையம் வரை ஒரு வெட்டு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிச் சுழற்றினால் ஒரு நிறம் வளர மற்றது தேயும். "30 விழுக்காடு காட்டு" என்றால் காட்டலாம், பின்பக்கம் திருப்பினால் நூறு பாகமாகக் குறித்திருக்கும் விளிம்பில் சரிபார்க்கலாம். மாண்டிசோரிப் பள்ளிகளில் நூறு பாகமிட்ட வட்டச் சட்டமே உண்டு. இரண்டு வகைக்கு மேல் தட்டு தாங்காது. அதனால் படம் செய்யும் கருவியாக அது மட்டம். மதிப்பிடப் பழக்கும் கருவியாக உயர்ந்தது, ஐந்து நிமிடம் போதும்.

கைவேலை ஆர்வலர்கள் ஓரமாகத் தள்ளிவிட்ட கோணமானிக்காக நான் கொஞ்சம் வாதாட விரும்புகிறேன். ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, மையத்தைப் பொருத்தி, உள் எண்ணா வெளி எண்ணா என்று யோசித்து, புள்ளி வைப்பதும் கைவேலைதான். அதற்கென்று ஒரு பிழை இருக்கிறது, அந்தப் பிழையே பாடம். ஒவ்வொரு கோணத்தையும் முந்தைய கோட்டிலிருந்து அளப்பதால் முதல் கோணத்தில் விட்ட ஒரு டிகிரியும் இரண்டாவதில் விட்ட அரை டிகிரியும் நகர்ந்து நகர்ந்து கடைசிப் பகுதியில் குடியேறும். கடைசிப் பகுதியைப் பிள்ளைகள் அளப்பதில்லை. மிஞ்சியதுதானே என்று வண்ணம் தீட்டிவிடுவார்கள். மஞ்சள், 19 டிகிரி இருக்க வேண்டியது, சிலர் நோட்டில் 23 இருக்கும். இரண்டே பேர் உட்கார்ந்து வந்த பைக்கில் அரை ஆள் கூடிவிட்டது. கடைசிப் பகுதியை மட்டும் அளந்து மதிப்பெண் போடுவது என் வழக்கம். நோட்டைத் திருத்த ஆள் ஒன்றுக்குப் பத்து விநாடி.

இவ்வளவு பாடுபட்டுச் செய்கிற படம் நல்ல படம்தானா? இந்தக் கேள்வியை வகுப்பறை கேட்பதில்லை, புள்ளியியல்காரர்கள் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1926இல் வால்டர் ஈல்ஸ் என்பவர் மாணவர்களிடம் பிரித்த வட்டங்களையும் பிரித்த பட்டைகளையும் கொடுத்துப் பங்கை மதிப்பிடச் சொன்னார். வட்டத்தை அவர்கள் இன்னும் துல்லியமாகப் படித்தார்கள். 1984இல் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் வேறுவிதமாகச் சோதித்து, ஒரே அடிக்கோட்டில் நிற்கும் நீளங்களை ஒப்பிடுவதில் கண் கெட்டி, கோணங்களை ஒப்பிடுவதில் சுமார் என்று காட்டினார்கள். எட்வர்ட் டஃப்டி 1983இலேயே தம் புத்தகத்தில் இந்த வட்டத்தை வெளுத்து வாங்கியிருந்தார். 2016இல் ட்ரூ ஸ்காவும் ராபர்ட் கொசாராவும் செய்த ஆய்வில், வட்டத்தைப் படிக்கும்போது கண் நம்பியிருப்பது கோணத்தை அல்ல என்று தெரிந்தது; நடுவை வெட்டி எறிந்து வடைபோல் துளை போட்டாலும் படிப்பது கெடவில்லை. மைதானத்து முட்டையில் ஆள்கணக்கு சரியாகவும் கோணம் தப்பாகவும் வந்ததை இதோடு வைத்துப் பார்க்கிறேன். விளிம்பை நம்புகிற நாடா, கோணத்தை நம்புகிற கோணமானியைவிடக் கண்ணுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

ஈல்ஸும் கிளீவ்லண்டும் முரண்படுவதுபோல் தெரிந்தாலும் இருவர் சோதித்ததும் ஒன்றல்ல. ஈல்ஸ் வட்டத்தோடு மோதவிட்டது ஒரே பட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்ததை, அதாவது நம் நாடாவை, சுருட்டுவதற்கு முன்னால். கிளீவ்லண்ட் தரப்பில் ஜெயித்தது தனித்தனியாக ஒரே தரையில் நிற்கிற பட்டைகள். இது புரிந்த நாளிலிருந்து வகுப்பில் பசையை நிறுத்திவிட்டேன். நாடாவைக் கிளிப் போட்டு வளைக்கச் சொல்கிறேன். வளையமாக இருக்கும்போது, "நடந்து வருகிறவர்கள் பாதிக்கு மேலா, கீழா?" என்று கேட்பேன். எதிர்ப்பக்கத்தைப் பார்த்ததுமே, கீழே, ஆனால் பாதிக்குப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். பிறகு கிளிப்பை எடுத்துவிட்டு நேராக்கி, நிறம் மாறும் இடங்களில் கத்தரித்து, நான்கு துண்டையும் மேசை விளிம்பில் நிறுத்தச் சொல்வேன். பச்சை நீலத்தைவிட மூன்று கட்டம் உயரம் என்பது இப்போது சொல்லாமலே தெரிகிறது. பாதியா என்ற கேள்விக்கு இந்த நான்கு துண்டும் வாய் திறக்காது. ஒரே காகிதம்தான், சுருட்டினால் ஒரு கேள்விக்குப் பதில், வெட்டினால் இன்னொன்றுக்கு. புத்தகத்தில் வட்டம் ஒரு பயிற்சியாகவும் பட்டை வேறொரு பயிற்சியாகவும் இருப்பதால் இந்தக் காட்சிக்கு அங்கே வழியில்லை. கணினியில் ஒரு சொடுக்கில் மாற்றிக் காட்டலாம் என்பார்கள். காட்டலாம். மாறியது எது, மாறாதது எது என்று கைக்குத் தெரியாது.

வட்டம் தாங்காத தரவும் உண்டு, அதையும் ஒரு முறை வரையச் சொல்வேன். காற்றில் நைட்ரஜன் 78, ஆக்சிஜன் 21, மற்றவை 1 விழுக்காடு. ஆறு செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் அந்த ஒரு விழுக்காட்டுக்கு விளிம்பில் நாலு மி.மீ.க்கும் குறைவான இடம்தான். அதற்குள்ளும் பெரும்பகுதி ஆர்கான். உலகமே பேசுகிற கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. வட்டத்தில் அதன் பங்கு 0.15 மி.மீ. பென்சிலை எவ்வளவு கூராகச் சீவினாலும் கோடு அதைவிடத் தடிமன். "அப்ப அத வரையவே முடியாதா சார்?" வரைய முடியாது. அந்த அளவு சிறிய பங்கு இல்லை என்று அர்த்தமில்லை. இந்தப் படத்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

நேரக் கணக்கையும் சொல்லாமல் விட முடியாது. நாடா, அளவு, கத்தரி எல்லாம் சேர்ந்து இரண்டு பாடவேளை. அதில் வண்ணம் தீட்டவே இருபத்தைந்து நிமிடம் போகும், ஸ்கெட்ச் பேனாவுக்குச் சண்டை தனி. மார்ச் மாதம் பாடம் முடிக்கத் தவிக்கும் ஆசிரியரிடம் இதைச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முழுக்கத் தீட்டாமல் கட்டத்துக்கு ஒரு கோடு கிறுக்கினால் போதும் என்று மட்டும் சொல்வேன். எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அழகாக இருக்காது.

அந்த 37 பேரின் நாடாக்களைத் திருத்தும்போது ஒன்று மட்டும் வேறுமாதிரி இருந்தது. எல்லையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனுடையது. சைக்கிளின் கடைசிக் கட்டத்தை ஸ்கேல் வைத்து நடுவில் பிரித்து, பாதிக்கு நீலமும் பாதிக்குச் சிவப்பும் தீட்டியிருந்தான். சைக்கிள் பன்னிரண்டரை, பஸ் ஆறரை. மொத்தம் 37 பிசகவில்லை. தப்பு என்று போடக் கை போய்விட்டது. "எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு அது தப்பான பதில், அரை ஆள் என்று யாரும் இல்லை. "இந்த வகுப்பு வருகிற வழியில் சைக்கிளுக்கு எவ்வளவு பங்கு?" என்று கேட்டிருந்தால் மற்ற 36 நாடாவும் தப்பு, அவனுடையது மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு, மறுநாள் அவனைக் கூப்பிட்டு, சைக்கிளில் எத்தனை கிலோமீட்டர், பஸ்ஸில் எத்தனை என்று கேட்டேன்.

"சைக்கிள்ல ரெண்டு, பஸ்ல ஏழு சார்" என்றான். பிறகு தன் நாடாவை எடுத்து அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப ஒன்பது பாகமா கோடு போடணும்ல?"